முடிந்த நேரம்

புர்க்டோர்ஃபில் அக்டோபரின் கடைசிச் சனி இரவு.
ரொட்டி ஆலையின் அடித்தளம்.
மேலிருந்து மாவு வாசம் இறங்கி வந்து
சூடான பிளாஸ்டிக் வாசத்தோடு உட்காரும் அறை.
எனக்குக் கொடுத்த அவகாசம்
நள்ளிரவு முதல் மூன்றரை வரை.
மூன்றரைக்கு அடுப்புகள் கேட்கும்,
எத்தனை பின்னல் ரொட்டி, எந்த ஊருக்கு, எவ்வளவு சூடு என்று.
பதில் சொல்ல வேண்டியவை
இந்த நான்கு சர்வர்கள்.

சர்வர் என்றால் என் மாமனார்
இன்னும் சாம்பார் வாளியைத்தான் நினைக்கிறார்.
முழுத் தவறென்று சொல்ல மாட்டேன்.
நின்றுகொண்டே இருக்கும் பிழைப்பு.
கேட்டதைக் கொண்டுவந்து வைக்கும்.
கைதவறும் அன்றைக்குத்தான்
பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

முதலாவது சமர்த்து.
பழைய ஃபர்ம்வேரைக் களைந்து
புதியதை உடுத்திக்கொண்டு எழுந்தது.
இரண்டாவதில் நெட்வொர்க் கார்டு முறுக்கிக்கொண்டது.
புதிய டிரைவருக்குப் புதிய ஃபர்ம்வேர் முதலில் வேண்டுமாம்,
புதிய ஃபர்ம்வேருக்குப் புதிய டிரைவர் முதலில் வேண்டுமாம்.
கல்யாணப் பேச்சில் இரு வீட்டாரும்
நீங்க முதல்ல சொல்லுங்க, நீங்க முதல்ல சொல்லுங்க.
நடுவில் ஒரு பழைய பதிப்பைத் தரகராக உட்காரவைத்துப்
பேசி முடித்தேன்.

மூன்றாவது
2:48க்குத் தொடங்கி
அறுபத்தேழு சதவீதத்தில் நின்றது.
திரையில் ஒரே வாக்கியம்:
மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.
பாதியில் நிறுத்தினால் செங்கல்.
எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்,
அழுவதற்குப் பதிலாக.
விசை என் கட்டைவிரலிலிருந்து ஒரு சாண் தள்ளி.
பச்சை விளக்கொன்று நிதானமாக
எனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ கணக்கை எண்ணிக்கொண்டிருந்தது.

இரவு ஷிஃப்டின் ட்சௌக் இறங்கிவந்தார்,
முழங்கை வரை மாவு.
"பொங்கிவிட்டது" என்றார்.
மாவுக்கு ரீஸ்டார்ட் கிடையாது.
மணி என்ன என்றேன்.
சுவரைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார்.
"மூன்று" என்றார்.
பிறகு, "இல்லை, இரண்டு."

வசந்தத்தில் கைமாற்றாக வாங்கிய ஒரு மணியை
இந்தக் கண்டம்
இந்த இரவில்தான் திருப்பித் தருகிறது.
வட்டி இல்லை. ரசீதும் இல்லை.
பத்து வருடமாக நான் தூங்கிக் கழித்த இரவு.
என் பங்கை அப்போதெல்லாம்
யார் வாங்கிக்கொண்டார்கள்?

மாவு அந்த மணியை ஏற்கவில்லை.
அதைக் குளிரறைக்குத் தள்ளிவிட்டு வந்து
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார் ட்சௌக்.
இருவரும் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பத்தாம் வகுப்புக் கணக்கில் எனக்கும் இதே அறுபத்தேழு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு
யாரும் ஒன்றும் செய்யாதபோது
அறுபத்தெட்டு.
எழுபத்தொன்பது.
நூறு.
விசிறிகள் குரலைத் தாழ்த்தின.
அதுவரை அலறிக்கொண்டிருந்தன என்பதே
அப்போதுதான் காதில் விழுந்தது.

படிவம் நிரப்ப வேண்டும்.
தொடங்கிய நேரம் 2:48.
முடிந்த நேரம் 2:31.
சிவப்பு எழுத்தில் மறுத்தது:
தொடங்குவதற்கு முன் முடிந்திருக்க முடியாது.
முடியாதுதான். ஆனால் முடிந்தது.
மூன்று முறை உண்மையை எழுதினேன்.
நான்காம் முறை 2:49.
ஒரே நிமிடத்தில் முடித்த கெட்டிக்காரி என்று
திங்கட்கிழமை யாராவது மெச்சக்கூடும்.

நான்காவது சர்வரை நான் தொடவில்லை.

வெளியே எம்மெ ஆற்றங்கரையில் பனிமூட்டம்,
சைக்கிள் இருக்கையெல்லாம் ஈரம்.
ட்சௌக் தந்த பின்னல் ரொட்டி, ஓரம் கருகி
விற்பனைக்கு ஆகாதது, ஜாக்கெட்டுக்குள் சுட்டது.
பாலத்தில் நின்று பிட்டுத் தின்றேன்.
கைபேசி அதிர்ந்தது.
அந்தக் கம்பெனிதான்.
இன்று போட்ட பதிப்பில்
ஒரு சின்னக் குறை இருக்கிறதாம்.